ஒரு சொட்டும் சிந்தாமல் கியர் ஆயில் மாற்றுவது எப்படி

கார் வேலைகளிலேயே நல்ல பெயர் வாங்க முடியாத வேலை கியர் ஆயில் மாற்றுவதுதான்: ஒழுங்காகச் செய்தால் செய்ததே யாருக்கும் தெரியாது, கொஞ்சம் பிசகினால் தெருவுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரெல்லாம் லூச்சி என்கிற மைதாப் பூரியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, நழுவின ஸ்பானரை மூக்கால் தாங்கிய சக துன்பவாசிகளுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன், பழகிவிட்டது.

நான் நாமக்கல்காரி. அப்பா லாரிப் பட்டறை வைத்திருந்ததால் எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய்க்குப் பக்கத்திலேயே கிரீஸ் டப்பாவும் இருக்கும். கல்யாணமாகிக் கொல்கத்தாவுக்கு வந்தேன். கணவர் செந்திலுக்கு சால்ட் லேக் செக்டர் ஃபைவில் சாஃப்ட்வேர் வேலை, குடித்தனம் நியூ டவுனில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில். வந்த புதிதில் எனக்கு அங்கே பெயரே கிடையாது. "மெட்ராஸி பௌதி" என்றார்கள். பௌதி என்றால் அண்ணி. நாமக்கல்லுக்கும் மெட்ராஸுக்கும் உள்ள தூரத்தை விளக்கி விளக்கி நான்தான் ஓய்ந்து போனேன். பிறகு எங்கள் வண்டிக்கு நானே கியர் ஆயில் மாற்றியதைப் பார்த்து ஒருவர் கேட்க, அவரைப் பார்த்து இன்னொருவர் கேட்க, இன்றைக்கு நான் இந்தக் குடியிருப்பின் "கியர் தீதி". தீதி என்றால் அக்கா. தெரியாத ஊரில் யாருக்கோ மனைவியாக இல்லாமல் எனக்கென்று ஒரு பெயர் கிடைத்தபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பெயர் இப்போது ஒரு சொட்டில் தொங்குகிறது. எங்கள் குடியிருப்பின் செக்ரட்டரி சன்யால் பாபு, அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தளப் பார்க்கிங்குக்குப் புதிதாக டைல்ஸ் போட்ட அன்றே என்னைக் கூப்பிட்டார். விருந்தினர் வண்டி நிற்கும் மூலையில், ஞாயிறு மட்டும் வேலை பார்க்கலாம். டைல்ஸ் மேல் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் அன்றோடு நிறுத்திவிட வேண்டும். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். விவரம் தெரிந்த உங்களுக்கு என் கஷ்டம் புரிந்திருக்கும். கியர் பாக்ஸில் அளவு பார்க்கக் குச்சி கிடையாது. பக்கவாட்டுத் துவாரம் வழியாக எண்ணெயை ஏற்ற வேண்டும், அது வழிந்து சொட்டினால்தான் நிறைந்தது என்று அர்த்தம். சொட்டாமல் அந்த வேலை முடியவே முடியாது. அதனால் ஃபிரிட்ஜ் அட்டை, அதன் மேல் பழைய பேப்பர், அதன் மேல் என் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் பேசின் என்று மூன்று அடுக்குப் பாதுகாப்போடுதான் படுப்பேன்.

இனி என் அனுபவங்கள். பெரும்பாலானவர்கள் வங்காளத்தில் சொன்னார்கள். நான் தமிழில் தருகிறேன், சரக்கு மாறவில்லை.

எதை முதலில் கழற்றுவது?

கியர் ஆயில் மாற்றுவதில் ஒரே ஒரு சட்டம்தான். எண்ணெய் ஊற்றுகிற மூடியை முதலில் கழற்றிப் பார், அது கழன்றால் மட்டும் வடிகிற மூடியைத் தொடு. அடி மூடியைக் கழற்றி எல்லாவற்றையும் வடித்துவிட்ட பிறகு மேல் மூடி அசையாவிட்டால், வண்டி நகரவும் முடியாது, நிரப்பவும் முடியாது, உட்கார்ந்து அழலாம்.

எங்கள் வண்டிக்கு முதல் தடவை மாற்றியபோது, "நான் ஒரு கை புடிக்கிறனுங் அம்மிணி" என்று செந்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். நான் டீ வைக்கப் போய்விட்டுத் திரும்புவதற்குள் அடி மூடியைக் கழற்றி, பழைய எண்ணெய் முழுவதையும் பேசினில் பிடித்து, பால் கறந்தவர் மாதிரி பெருமையாக நின்றார். மேல் மூடி? துருப்பிடித்து உட்கார்ந்திருந்தது. மறுநாள் அவருக்கு ஆபீஸ். நானும் அவரும் மாறி மாறித் தொங்கினோம். கடைசியில் ஸ்பானர் கைப்பிடியில் ஒரு நீளமான இரும்புக் குழாயைச் செருகி, சுவரில் காலை உதைத்து இழுத்ததில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு அது கிறீச்சிட்டுக்கொண்டு கழன்றது. திட்டலாமென்று வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்: "இதுக்கு எதுக்குங் கோவம்? எங்க ஆபீஸ்லயும் இப்படித்தானுங், பழசையெல்லாம் அழிச்சுப்போட்டு அப்பறந்தான் புதுசு உள்ள போகுமான்னு பாப்போம்."

பின்னால் ஒன்றும் இல்லை

கோஷ் பாபு எங்களுக்கு மேல் மாடி. பேங்கில் மேனேஜராக இருந்தவர். ஒரு வீடியோ பார்த்துவிட்டு வந்து, கியர் ஆயிலோடு டிஃபரன்ஷியல் ஆயிலும் மாற்ற வேண்டும் என்றார். நம் ஊர்ப் பட்டறையில் கிரவுன் என்போமே, லாரியின் பின் அச்சு நடுவில் பூசணிக்காய் மாதிரி உருண்டு நிற்குமே, அது. அவருடையதோ முன் சக்கரம் இழுக்கிற சின்னக் கார். அதில் டிஃபரன்ஷியல் கியர் பாக்ஸுக்குள்ளேயே அடக்கம், இரண்டுக்கும் ஒரே எண்ணெய்தான், பின்னால் தனியாக ஒன்றும் கிடையாது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. வீடியோவில் இருந்ததே!

நாமே பார்த்துவிடலாம் என்று ஒரு பாயைக் கொண்டுவந்து விரித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வண்டியின் பின்பக்கம் தவழ்ந்து போனார். டார்ச் வெளிச்சம் அங்கும் இங்கும் அலைந்தது. "இது என்ன?" என்றார். சைலன்ஸர் என்றேன். "இது?" ஸ்டெப்னி வைக்கிற பள்ளம். யாரோ ஏமாற்றிவிட்ட முகத்தோடு வெளியே வந்தவர், நான் முன்பக்கம் எண்ணெய் மாற்றி முடிக்கிறவரைக்கும் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சொட்டுக்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் என்னிடம் கடைசியில் அவர் கேட்டது இது: "இல்லாவிட்டால் போகட்டும் தீதி, இருந்தாலும் பின்பக்கம் எங்கேயாவது ஒரு சொட்டு விட்டுவிட்டுப் போங்கள், என் மனசுக்கு ஆறுதலாக இருக்கும்."

வெந்நீர் உபசாரம்

கொல்கத்தாவின் குளிர் நம் ஊர் மார்கழியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆனால் அதற்கு இங்கே நடக்கும் ஏற்பாடுகளைப் பார்த்தால் இமயமலை நடுவில் இருக்கிறோமோ என்று சந்தேகம் வரும். எல்லார் தலையிலும் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற கம்பளிக் குல்லா. குளிரில் மனிதர்கள் சுருங்குகிறார்கள், கியர் ஆயில் தடித்துப் போகிறது. பாட்டிலைக் கவிழ்த்தால் தேன் மாதிரி இறங்க யோசிக்கும். அதனால் ஜனவரியில் மட்டும் பாட்டிலை ஒரு வாளி வெந்நீரில் கொஞ்ச நேரம் உட்கார வைப்பேன். இளகி, குழாயில் சட்டென்று ஏறும்.

ஒரு ஞாயிறு, வாளியில் ஆவி பறக்க, பாட்டில் கழுத்தளவு வெந்நீரில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. கீழ் வீட்டு ரீனா பௌதி கறிகாய்ப் பையோடு வந்து நின்று பார்த்தார். நான் அரைக்கைச் சட்டையோடு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட ஈரத்தோடு, வெறும் அட்டை மேல் படுக்கத் தயாராக இருந்தேன். பச்சைத் தண்ணீரிலா குளித்தாய் என்றார். ஆமாம் என்றேன், நாமக்கல் பழக்கம். பையைக் கீழே வைத்தார். தன் தலையில் இருந்த கம்பளிக் குல்லாவைக் கழற்றி, என்னைக் கேட்காமலேயே என் தலையில் மாட்டி, காதுவரைக்கும் இழுத்துவிட்டார். கையில் எண்ணெய் இருந்ததால் தடுக்கவும் முடியவில்லை. பிறகு வாளியைக் காட்டி அதட்டினார்: "ஒரு எண்ணெய் பாட்டிலுக்கு இருக்கிற அறிவு உனக்கு இல்லையே, அது எவ்வளவு சமத்தாக வெந்நீரில் குளிக்கிறது பார்!"

ரேடியோ

வேலை நன்றாக இருந்தது என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்குகிறவர்கள் இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது. சால்ட் லேக்கில் ஒரு டாக்டருக்குப் பழைய எண்ணெயெல்லாம் வடித்து, மூடிக்குப் புது வாஷர் போட்டு, ரொம்ப அக்கறையாக மாற்றிக் கொடுத்தேன். இரண்டாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஒரு வாரம் பொறுத்து, எப்படி இருக்கிறது வண்டி என்று நானே வெட்கத்தை விட்டுப் போன் செய்தேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கியர் எப்போதும் போலத்தான் இருக்கிறது, ஆனால் ரேடியோ ரொம்பத் தெளிவாகக் கேட்கிறது, அதற்கு என்ன எண்ணெய் விட்டீர்கள்?"

முடிவு எடுத்தாகிவிட்டது

வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறவருக்கு உலகம் என்பது செருப்புகள்தான். எங்கள் பார்க்கிங்கில் ஒரு ஜோடி செருப்பு வந்து நின்றால், சற்று நேரத்தில் பக்கத்தில் இன்னொரு ஜோடி வந்துவிடும். கூடிப் பேசுவதற்கு இந்த ஊரில் அட்டா என்று பெயர். அட்டா ஆரம்பித்துவிட்டால் அதை நிறுத்த மழை வர வேண்டும். அன்றைக்கு மித்ரா பாபு, குடியிருப்பின் பொருளாளர், தன் வண்டிக்கு எழுபத்தைந்தாம் நம்பர் எண்ணெய்தான் சரி என்றார் (நம்பர் கூடினால் எண்ணெயின் தடிமனும் கூடும்). கோஷ் பாபு எண்பதுதான் என்றார். எதை ஊற்ற வேண்டும் என்று அந்த வண்டியின் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. அடியில் இருந்து அதை நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. எண்ணெயில் ஆரம்பித்து, ஜெர்மன்காரர்களின் ஒழுக்கம், டிராமை ஏன் நிறுத்தினார்கள், கால்பந்தில் இரண்டு கிளப்புகளில் எது யோக்கியம் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது.

நான் வடித்தேன், நிரப்பினேன், வழிந்த எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தேன், டைல்ஸைக் கண்ணாடி மாதிரி துடைத்தேன், அட்டையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குளித்து, ரசம் சாதம் சாப்பிட்டு, கொஞ்சம் தூங்கியும் எழுந்துவிட்டேன். இன்டர்காம் அடித்தது. வாசல் காவலர் தபன்தா பேசினார். அவர் எதையும் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்கிறவர்: "பாபுக்கள் கூடி எண்பதாம் நம்பர் என்று முடிவு எடுத்துவிட்டார்கள் தீதி, இனிமேல் நீங்கள் வந்து வேலையை ஆரம்பிக்கலாமாம்."

உள்ளேயே இருக்கட்டும்

நிஜமான கிரவுன் வேலை ஒரே ஒரு தடவைதான் கிடைத்தது, ஹவுராவில் தத்தா பாபு என்பவரின் பழைய ஜீப்பில். பல்சக்கரங்கள் தேய்ந்து உதிர்கிற இரும்புப் பொடியைப் பிடித்து வைக்க, பின் அச்சின் அடி மூடியில் ஒரு காந்தம் இருக்கும். கழற்றினால் எலி வால் மாதிரி கறுப்பாகப் பொடி மீசை வைத்திருந்தது. வயதான வண்டிக்கு இது சகஜம் என்று சொல்லித் துணியால் துடைக்கப் போனேன். தத்தா பாபு பதறிப்போய் என் கையைப் பிடித்தார். அந்த ஜீப்பில் தேய்ந்த பாகம் எதையுமே அவர் தூக்கிப் போட்டதில்லையாம். பழைய பிரேக் கட்டைகள்கூட வீட்டு அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. இந்தப் பொடி உள்ளே இருந்தால் பல்லைக் கடித்துத் தின்னும் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அவர் ஒரே பிடியாக நின்றார்: "அது வெளியில் இருந்து வந்த அழுக்கு இல்லை தீதி, என் வண்டியின் உடம்பு. நன்றாகத் துடைத்துக் கழுவி உள்ளேயே போட்டுவிடுங்கள்."

அந்தச் சொட்டு

கடைசியில் ஒரு ஞாயிறு அது நடந்தது. காலையில் அட்டையும் பேசினுமாக இறங்கிப் போனால், என் மூலையில் சன்யால் பாபு இடுப்பில் கைவைத்து நிற்கிறார். அவர் காலடியில், புது டைல்ஸ் மேல், அப்பளம் அகலத்துக்குப் பொன்னிறமாக எண்ணெய். புது கியர் ஆயிலும் அதே நிறம்தான். போன வாரம் நான் துடைத்தது என் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. ஆனால் என் பேச்சை யார் கேட்பார்கள்? இந்த மூலை போனால் நான் மறுபடியும் பெயரில்லாத மெட்ராஸி பௌதிதான். அழுகை வந்துவிட்டது, சொல்ல எனக்கென்ன வெட்கம். அதற்குள் செருப்புகள் கூடிவிட்டன. கமிட்டியே வந்தாயிற்று. நிபந்தனை நிபந்தனைதான், இன்றோடு நிறுத்த வேண்டும் என்றார் சன்யால் பாபு.

நான் புது பாட்டிலைத் திறந்து நீட்டினேன். "முதலில் இதை மோந்து பாருங்கள், பிறகு அதை மோந்து பாருங்கள்" என்றேன். மித்ரா பாபு பாட்டிலில் மூக்கை வைத்தவர், அழுகிய முட்டையையும் தீக்குச்சியையும் சேர்த்து மோந்தவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார். கியர் ஆயிலின் லட்சணம் அது. பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, தரையில் ஒரு விரலைத் தொட்டு மோந்தார். முகம் மலர்ந்தது. "சர்ஷே!" என்றார். கடுகு எண்ணெய். மீனுக்கும் உருளைக்கிழங்குக்கும் இவர்கள் விடுகிற அதே எண்ணெய். உடனே கோஷ் பாபு குனிந்தார், ரீனா பௌதி குனிந்தார், தபன்தா தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். யாரோ பையில் கொண்டுபோகும்போது ஒழுகவிட்டிருக்கிறார்கள். எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் என்னை இப்போது யார் பார்த்தார்கள்? மித்ரா பாபு விரலைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் தீர்ப்புச் சொன்னார்: "மட்டமான சரக்கு. பாக்கெட் எண்ணெய். காரம் மூக்கில் ஏறவே இல்லை, வேறு எதையோ கலந்திருக்கிறான்." கோஷ் பாபுவும் உதட்டைப் பிதுக்கி ஆமோதித்தார்.

சன்யால் பாபுவின் காது இரண்டும் சிவந்தன. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. "பாக்கெட்டா?" என்று வெடித்தார். "எங்கள் சொந்த ஊர் பர்தமானில், செக்கில், என் கண் எதிரே ஆட்டி, நேற்றுத்தான் நானே டின்னில் கொண்டுவந்தது! கலப்படமா? எங்கள் வீட்டு எண்ணெயையா கலப்படம் என்கிறாய்?" சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. தபன்தா கூரையில் ஓடும் தண்ணீர்க் குழாய்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். சன்யால் பாபு தொண்டையைக் கனைத்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து, கமிட்டியின் முடிவாக இரண்டு விஷயங்களை அறிவித்தார். நான் வேலையைத் தொடரலாம். இனி இப்படிச் சந்தேகம் வராமல் இருக்க, ஞாயிறுதோறும் கமிட்டியே வந்து உட்கார்ந்து மேற்பார்வை செய்யும். பிறகு என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்கும் நன்றாகக் கேட்கும்படி ரகசியம் சொன்னார்: "நீங்கள் எத்தனை வண்டிக்கு வேண்டுமானாலும் மாற்றுங்கள் தீதி, ஆனால் எண்ணெயைப் பற்றி இந்த மித்ரா என்ன சொன்னாலும் கேட்காதீர்கள்."

ஆக, சக துன்பவாசிகளே, வண்டிக்கு அடியில் நுழைய எனக்கு நிரந்தர அனுமதி கிடைத்துவிட்டது, சுற்றிலும் கமிட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டதால் வெளியே வரத்தான் வழியில்லை.